“உடம்பு இரும்பை ஏத்துக்கல” என்பது உண்மையா? எலும்பு, பிளேட், நோயெதிர்ப்பு பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 57 வயது, சர்க்கரை உண்டு. ஆறு மாதத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஸ்டீல் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள். எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை என்று கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொல்கிறார். தையல் தழும்புக்குப் பக்கத்தில் லேசான வீக்கமும் சூடும் இருக்கிறது. கவரிங் தோடு போட்டாலே அம்மாவுக்குக் காது அரித்துப் புண்ணாகும் என்பதால், “உடம்பு இரும்பை ஏத்துக்கல, டைட்டானியம் வச்சிருக்கணும்” என்று வீட்டில் பேச்சு. பிளேட்டை எடுத்துவிட்டு மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். உலோகத்தை உடம்பு எப்படி எதிர்கொள்கிறது, அந்த எதிர்வினையால் எலும்பு கூடாமல் போகுமா, அம்மா காலில் நடப்பது அதுதானா என்ற மூன்று கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதைக் காலையும் படங்களையும் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். அது அலர்ஜி அல்ல.

நான் அறுவை சிகிச்சை செய்பவன் அல்ல. நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு, அவற்றோடு ஒட்டி வரும் எலும்பு, திசு ஆகியவற்றை ஆய்வகத்தில் அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. இதில் ஒரு குறைபாடு உண்டு. நன்றாக இருக்கும் பிளேட்டுகள் பெரும்பாலும் நோயாளியின் உடம்பிலேயே இருந்துவிடும். என் மேஜைக்கு வருபவற்றில் பிரச்சினை செய்தவையே அதிகம். அதனால் என் அனுபவத்தை மட்டும் வைத்து எது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று சொல்லக் கூடாது. அதற்குப் பெரிய ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டும்.

சிறுநீரக மாற்றில் உடம்பு உறுப்பை நிராகரிப்பது போல பிளேட்டை நிராகரிப்பதில்லை. மாற்று உறுப்பில் வேறொருவரின் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் இருக்கும் புரதங்களை அந்நியம் என்று டி செல்கள் எனும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு தாக்குகின்றன. உலோகத் தகட்டில் செல்லும் இல்லை, அந்தப் புரதங்களும் இல்லை. அதற்காக உடம்பு உலோகத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று நினைக்க வேண்டாம். எல்லா உலோகத்துக்கும் எல்லா உடம்பும் எதிர்வினை காட்டும், டைட்டானியத்துக்கும்கூட. அந்த எதிர்வினை தணிந்து அடங்குகிறதா, அடங்காமல் தொடர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உலோகம் ரத்தத்தில் பட்ட சில நொடிகளில் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஆல்புமின் போன்றவை முதலில் வந்து ஒட்டும். பிறகு ஃபைப்ரினோஜென் போன்ற, இன்னும் இறுக்கமாக ஒட்டக்கூடிய புரதங்கள் அவற்றைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். லியோ விரோமன் என்ற விஞ்ஞானி இதை முதலில் விளக்கியதால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. ஆக, உடம்பின் செல்கள் வெறும் உலோகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. தொடுவது இந்தப் புரதப் படலத்தை. எந்தப் புரதம் எந்த வடிவில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்து வரும் செல்களின் நடத்தை மாறுகிறது. உலோகத்தின் மேற்பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்பது இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

முறிந்த இடத்தில் உறைந்த ரத்தத்துக்குள் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வருகின்றன. அவை சில நாளில் ஓய்ந்ததும் மேக்ரோஃபேஜ்கள் பொறுப்பெடுக்கின்றன. சிதைந்த செல், எலும்புத் துணுக்கு எல்லாவற்றையும் விழுங்கித் துப்புரவு செய்வது இவைதான். ஆரம்பத்தில் அழற்சியை, அதாவது வீக்கமும் சூடுமாக வெளிப்படும் உடம்பின் எதிர்வினையை, தூண்டும் சமிக்ஞைகளை வெளியிடும் இவை, நாட்கள் செல்லச் செல்ல குணம் மாறி, புதிய ரத்தக் குழாய் வளரவும் எலும்பு கட்டும் செல்கள் பெருகவும் உதவுகிற நிலைக்கு வருகின்றன. மேக்ரோஃபேஜ்களை நீக்கிவிட்ட எலிகளில் முறிவு சரியாகக் கூடுவதில்லை என்று பல ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. அழற்சிக்குத் தேவையான காக்ஸ்-2 என்ற நொதி இல்லாத எலிகளிலும் எலும்பு கூடுவது தடுமாறுகிறது. “எதிர்ப்பு சக்தி பிளேட்டோடு சண்டை போடுது, அதான் எலும்பு சேரல” என்று உங்கள் சொந்தக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முதல் சில வாரங்களைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர் எதிர். அந்த அழற்சி இல்லாவிட்டால் எலும்பு கூடவே தொடங்காது. ஆறு மாதத்துக்குப் பிறகும் அது தணியாமல் இருந்தால், அதற்குத் தீனி போடுவது எது என்று தேட வேண்டும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும், டைட்டானியத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிய. ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-ல் முயல்களின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் செய்த ஒரு சிறு கருவியைப் பொருத்தி, உயிருள்ள எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. 1965-ல் முதல் மனிதருக்குப் பல் உள்வைப்பு செய்தார். இன்று பல் டாக்டர்கள் “இம்பிளான்ட்” என்று சொல்வதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். டைட்டானியத்தின் மேல் காற்றிலேயே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறினாலும் உடனே திரும்ப உருவாகும். உடம்புத் திரவத்தில் அது கரைவது மிகக் குறைவு. டைட்டானியத்தின் பலம் பெரும்பாலும் இதுதான்.

நெடுங்காலம் இதை “உடம்பு டைட்டானியத்தை அந்நியமாகவே நினைப்பதில்லை” என்று விளக்கி வந்தார்கள். பிரோனமார்க்குடன் பணியாற்றிய டோமாஸ் ஆல்பிரெக்ட்சனே பிற்காலத்தில் இதை மறுத்தார். எலும்பு டைட்டானியத்தைச் சுற்றி வளர்வதே ஒரு அந்நியப் பொருள் எதிர்வினைதான், உடம்பு அதை எலும்பால் மூடித் தனிமைப்படுத்துகிறது, அந்தச் சமநிலை குலைந்தால் எலும்பு கரையத் தொடங்கும் என்பது அவருடைய வாதம். இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை, விவாதம் தொடர்கிறது. ஆனால் நான் நுண்ணோக்கியில் பார்ப்பது இந்த விளக்கத்தோடுதான் பொருந்திப் போகிறது. நல்ல எலும்பு பிடித்திருக்கும் டைட்டானிய ஸ்க்ரூவின் ஓரத்தில்கூட அங்கங்கே ஒரு பெரிய பல்கரு செல் உட்கார்ந்திருக்கும். மேக்ரோஃபேஜ்கள் தங்களால் விழுங்க முடியாத பொருளின் மேல் ஒன்றோடொன்று இணைந்து உருவாக்கும் செல் அது. நோயாளிக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு வேண்டியது இரண்டு எலும்பு முனைகளும் ஒன்றோடொன்று சேர்வது. உலோகத்தோடு எலும்பு ஒட்டுவது வேறு காரியம். எலும்பு கூடும் வரை முனைகளைப் பிடித்து வைத்திருந்தால் பிளேட்டின் வேலை முடிந்தது. வழவழப்பான ஸ்டீல் பிளேட்டைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய நார்த்திசு உறையைப் போடும். அது நோய் அல்ல, எதிர்பார்ப்பதுதான். அந்த உறையோடு பல்லாயிரம் பேர் எலும்பு கூடி நன்றாக நடமாடுகிறார்கள்.

கூடாமல் போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அசைவு. சுவிட்சர்லாந்தின் ஸ்டீஃபன் பெரென் இதை ஒரு எளிய கணக்காக விளக்கினார். முறிவு இடைவெளி எவ்வளவு விகிதம் இழுபடுகிறது என்று பாருங்கள். முதிர்ந்த எலும்பு சுமார் 2 சதவீதம் வரைதான் தாங்கும், குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம், ஆரம்ப நிலைத் திசு அதைவிட மிக அதிகம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைவு இருந்தாலே 10 சதவீதம் ஆகிவிடும். அங்கே எலும்பு உருவாகாமல் நார்த்திசுவோ குருத்தெலும்போ நின்றுவிடும். இதற்கு நேர்மாறாக, இடைவெளியை விட்டுவிட்டு மிக விறைப்பாகப் பிடித்தாலும் எலும்பு வளரத் தூண்டுதல் கிடைக்காமல் போகலாம். ஸ்க்ரூவுக்கும் எலும்புக்கும் இடையிலும் இதே கதைதான். அங்கே 150 மைக்ரானுக்கு மேல் அசைவு தொடர்ந்தால் எலும்புக்குப் பதில் நார்ப்படலம் உருவாகும். அந்தப் படலத்தில் குவியும் மேக்ரோஃபேஜ்கள் ரேங்க்-எல் போன்ற சமிக்ஞைகளைப் பெருக்கி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை வரவழைக்கின்றன. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும். அதைப் பார்த்து “உடம்பு ஸ்க்ரூவைத் தள்ளுது” என்பார்கள். அசைவு முதலில் வந்தது, நோயெதிர்ப்புச் செல்கள் அதன் பின்னால் வந்தன. வளையம் தெரிந்தால் கிருமித் தொற்றும் இருக்கிறதா என்று சேர்த்தே பார்ப்பார்கள்.

அந்தத் தொற்றுதான் இன்னொரு முக்கியக் காரணம். நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகக் கவலை தந்தது தழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் சூடும் வீக்கமும், கூடவே சர்க்கரையும்தான். காய்ச்சல் இல்லை, சீழ் வரவில்லை என்று சொல்கிறீர்கள். அது போதாது. 1957-ல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சும்மா செலுத்தினால் சீழ் பிடிக்க பத்து லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தால் சில நூறே போதுமாக இருந்தது. உடலுக்குள் ஒரு அந்நியப் பொருள் இருப்பதே அந்த இடத்தின் எதிர்ப்பை அவ்வளவு குறைக்கிறது. 1980களில் வெர்னர் சிம்மர்லி குழு விலங்குகளில் காட்டியதும் இதையே: உள்வைப்பைச் சுற்றியிருக்கும் நியூட்ரோஃபில்கள் விழுங்க முடியாத பொருளோடு மல்லுக்கட்டியே சோர்ந்து, கிருமியைக் கொல்லும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றன. உங்கள் வீட்டில் பேசும் “ஏத்துக்காதது” என்பதற்கு மிக நெருக்கமாக அறிவியலில் ஏதாவது உண்டென்றால், இதைத்தான் சொல்வேன். உலோகம் உடம்பைத் தாக்குவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள சிறு இடத்தில் காவலைத் தளர்த்திவிடுகிறது.

கிருமிகள் உலோகத்தில் ஒட்டியதும் தண்ணீர்த் தொட்டிச் சுவரின் வழுக்குப் பாசி போல ஒரு பிசுபிசுப்பான படலத்தை உருவாக்கி அதற்குள் தங்கிவிடும். இதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள். அதற்குள் அவை மெதுவாகப் பெருகும், ஆன்டிபயாட்டிக்குக்கு எளிதில் சாகாது. மாதக்கணக்கில் பெரிய காய்ச்சல் இல்லாமல், மந்தமான வலியும் கூடாத எலும்புமாக மட்டுமே வெளிப்படலாம். ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் சோதனைகளைப் பார்ப்பார்கள். அவை உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் சாதாரணமாக இருந்தால் தொற்று இல்லை என்று உறுதியாகிவிடாது. முறிவுத் தொற்றை எப்படி உறுதி செய்வது என்று 2018-ல் நிபுணர்கள் ஒரு பொது வரையறைக்கு வந்தார்கள். எலும்பு வரையோ பிளேட் வரையோ போகும் புண் வழி, சீழ், அறுவையில் ஆழத்திலிருந்து எடுத்த குறைந்தது இரண்டு திசு மாதிரிகளில் ஒரே கிருமி, திசுவில் நுண்ணோக்கியில் தெரியும் கிருமி, இவற்றில் ஒன்று இருந்தாலே தொற்று உறுதி. மேல்தோலில் பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரியை நம்பக் கூடாது. இங்கே ஒரு கெஞ்சலான வேண்டுகோள்: வீக்கத்தைப் பார்த்துவிட்டு பக்கத்து மெடிக்கலில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது பயோஃபிலிமை ஒழிக்காது. ஆனால் பின்னால் மாதிரி எடுக்கும்போது கிருமி வளராமல் செய்து, சரியான மருந்தைத் தேர்வு செய்ய முடியாதபடி ஆக்கிவிடும். இப்படிக் குழம்பிப்போன மாதிரிகள் எங்கள் ஆய்வகத்துக்கு அடிக்கடி வருகின்றன.

அப்புறம் அலர்ஜி. அம்மாவின் காது அரிப்பு பெரும்பாலும் நிக்கல் அலர்ஜிதான். கவரிங் நகையின் முலாம் தேய்ந்ததும் உள்ளேயிருக்கும் நிக்கல் வியர்வையில் கரைந்து தோலில் இறங்குகிறது. உள்வைப்புத் தரத்து ஸ்டீலில் 13 முதல் 15 சதவீதம் நிக்கல் இருப்பதும் உண்மை. நல்ல ரக எவர்சில்வர் பாத்திரத்தில் இருப்பதைவிட அதிகம். ஆனால் குரோமியம் ஆக்சைடு படலத்துக்கு அடியில் பிணைந்திருப்பதால் அதிலிருந்து கசிவது கவரிங்கோடு ஒப்பிடும்போது மிகக் குறைவு. தவிர, தோலில் அலர்ஜியைத் தொடங்கிவைக்கும் செல் அமைப்பு எலும்புக்கு அருகில் அதே மாதிரி இல்லை. தோல் சோதனையில் நிக்கலுக்கு எதிர்வினை காட்டுபவர்கள் பலர் ஸ்டீல் பிளேட்டோடு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். பிளேட் வைத்த பின் தோலில் படை வந்து, எடுத்ததும் மறைந்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் உண்டு. ஆக அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். அரிது என்று சொல்வேன். நிக்கல் அலர்ஜி மட்டுமே எலும்பு கூடாததற்குக் காரணம் என்பதற்கு நான் நம்பும் அளவுக்கு ஆதாரம் இல்லை. டென்மார்க்கில் முழங்கால் மூட்டு மாற்றுப் பதிவேட்டையும் தோல் சோதனைப் பதிவேட்டையும் இணைத்து 2015-ல் வந்த ஆய்வில், மறு அறுவை தேவைப்பட்டவர்களிடம் பொதுவாக உலோக அலர்ஜி அதிகம் இல்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் மறு அறுவை ஆனவர்களிடம் மட்டும் கோபால்ட், குரோமியம் அலர்ஜி அதிகமாகத் தெரிந்தது. அலர்ஜியால் மூட்டு கெட்டதா, கெட்டுத் தேய்ந்த மூட்டிலிருந்து வந்த உலோகத்தால் அலர்ஜி வந்ததா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

தேய்மானம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். உலோகம் நோயெதிர்ப்பு மண்டலத்தை உண்மையிலேயே கலங்கடிப்பது துகளாக உதிரும்போதுதான். இடுப்பு மூட்டில் உலோகத்தின் மேல் உலோகம் உரசும்படி செய்த வடிவமைப்புகளில் சிலருக்குச் சுற்றுத் திசுவே அழுகி, கட்டி போல வீங்கியது. அவற்றில் ஒன்றான ஏஎஸ்ஆர் மூட்டை டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் அதைப் பொருத்தியவர்கள் இருந்தார்கள். ஆனால் இறுக்கிப் பிடித்து நிற்கும் பிளேட்டில் அப்படி லட்சக்கணக்கான முறை உரசல் நடப்பதில்லை. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு அம்மாவின் பிளேட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

டைட்டானியம் வைத்திருந்தால்? அதற்கு உண்மையான அனுகூலங்கள் உண்டு. விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறைய பாதிதான், அதனால் எலும்பும் கொஞ்சம் சுமை தாங்கும். நிக்கல் கலக்கப்படுவதில்லை. 1996-ல் வந்த ஒரு முயல் ஆய்வில், கிருமியை வேண்டுமென்றே செலுத்தியபோது ஸ்டீல் பிளேட்டைவிட டைட்டானிய பிளேட்டில் தொற்று குறைவாகவே பிடித்தது. திசு அதோடு நெருக்கமாக ஒட்டிக்கொள்வதால் இருக்கலாம். மனிதரில் அதே அளவு வித்தியாசம் உறுதியாகக் காட்டப்படவில்லை. பிறகு எடுக்க வேண்டி வந்தால், எலும்பு ஏறிப் பிடித்த டைட்டானிய ஸ்க்ரூ அறுவை மருத்துவரைப் படுத்திவிடும். ஸ்டீல் வைத்தது தவறான முடிவு அல்ல. உலகம் முழுக்க இன்றும் வைக்கிறார்கள்.

சர்க்கரையை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் நியூட்ரோஃபில்கள் மந்தமாகும், மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலிருந்து ஆற்றும் நிலைக்கு மாறத் தாமதமாகும், சிறு ரத்தக் குழாய்கள் குறையும். அம்மாவின் மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் வைட்டமின் டி அளவையும் பாருங்கள். வீட்டில் யாராவது அவர் பக்கத்தில் புகைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அவருக்கே புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும். வலி மாத்திரைகளைப் பற்றி: டைக்ளோஃபினாக் போன்றவை காக்ஸ் நொதியைத் தடுப்பவை. விலங்குகளில் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகின்றன, மனித ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. சில நாட்கள் எடுத்தது பெரிய விஷயமில்லை, மாதக்கணக்கில் எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரண்டைத் துவையலைச் சாப்பிடட்டும், தவறில்லை. பிரண்டைக்கு விலங்கு ஆய்வுகளில் சாதகமான அறிகுறிகள் உண்டு, மனிதரில் ஆதாரம் சிறியது. ஆனால் வீங்கிச் சூடாக இருக்கும் காலில் எண்ணெய் போட்டு நீவவோ இறுக்கிக் கட்டுப் போடவோ வேண்டாம்.

கீழ்க்கால் எலும்பு ஆறு மாதத்தில் முழுசாகக் கூடாததை மட்டும் வைத்து “கூடவே கூடாது” என்று முடிவு கட்ட முடியாது. ஒன்பது மாதம் ஆகியும், கடைசி மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லை என்றால்தான் கூடா முறிவு என்பது பழக்கத்தில் உள்ள ஒரு வரையறை. அதனால் பழைய எக்ஸ்ரேக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், மாதத்துக்கு மாதம் புது எலும்பு கூடுகிறதா, ஸ்க்ரூ எதையாவது சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறதா, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுக்கலாமா, தொற்று இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். வீக்கமும் சூடும் இருப்பதால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். சீழ் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே.

பிளேட்டை எடுக்கும் முடிவு அந்தப் பதில்களைப் பொறுத்தது. தொற்று இருந்தும் பிளேட் உறுதியாக நின்றால், உள்ளே சுத்தம் செய்து மருந்து கொடுத்து எலும்பு கூடும் வரை அதையே வைத்திருப்பதுண்டு. தளர்ந்திருந்தால் எடுத்துவிட்டு வேறு வழியில் நிலைநிறுத்துவார்கள். தொற்றும் இல்லை, தளர்வும் இல்லை, எலும்பு மெதுவாகக் கூடிக்கொண்டிருக்கிறது என்றால், அலர்ஜிப் பயத்துக்காக இப்போது பிளேட்டைக் கழற்றுவது, கூட முயலும் எலும்பின் பிடிமானத்தை எடுத்துவிடுவதாகும். வேறு காரணத்துக்காக மறு அறுவை தேவை என்று முடிவானால், நிக்கல் விஷயத்தை அப்போது சொல்லி டைட்டானியம் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை, எந்த அறுவை மருத்துவரும் அதைக் காது கொடுத்துக் கேட்பார்.